டிரைவ் இருந்தால் எர்த் வேண்டாமா?

அண்ணா, லேத் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் (விஎஃப்டி) பற்றி, "விஎஃப்டிக்குள்ளேயே பாதுகாப்பு இருக்கு, எர்த் தேவையில்லை, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தால் கழற்றிவிடுங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே பாதுகாப்பு இருப்பது உண்மைதான். ஆனால் அது டிரைவையும் மோட்டாரையும் காப்பாற்ற. லேத்தில் கை வைத்திருக்கும் ஆளுக்காக அல்ல.

ஆர்சிசிபி சும்மா விழுவதில்லை. டிரைவின் ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் நீளமான மோட்டார் கேபிளும் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15-ஐத் தாண்டினாலே விழலாம். எர்த்தையும் எடுத்துவிட்டால் அந்தக் கசிவு உங்கள் உடம்பு வழியாகத்தான் இறங்கும். டிரைவுக்குத் தனி லைன் இழுங்கள், கேபிளைக் குறையுங்கள். சிங்கிள் ஃபேஸ் டிரைவுக்கு எஃப் வகை, த்ரீ ஃபேஸ் டிரைவுக்கு பி வகை ஆர்சிசிபி கேளுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் டிரைவுக்கு ஒத்துவராத ஏசி வகைதான் கையில் கொடுப்பார்கள். அதற்கப்புறமும் விழுந்தால் மோட்டார் இன்சுலேஷனைப் பாருங்கள்; மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) போடும்முன் டிரைவைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிரைவ் காலி.

இன்னொன்று. எம்சிபியை அணைத்ததும் கை வைக்காதீர்கள். 230 வோல்ட் சப்ளையில் டிரைவின் உள்ளே டிசி பஸ் (கெப்பாசிட்டர்கள் சார்ஜைத் தேக்கி வைக்கும் பகுதி) சுமார் 325 வோல்ட். ஸ்ரீராமபுரத்தில் என் மாடி ஷெட்டில் டிஸ்ப்ளே அணைந்த பிறகும் மல்டிமீட்டர் 90 வோல்ட் காட்டியது. மேனுவலில் போட்டிருக்கும் நேரம் காத்திருந்து, டிசி டெர்மினலை அளந்துவிட்டுத் தொடுங்கள்.