"சவுண்ட் வேலை செய்கிறது" என்றால் எந்த சவுண்ட் ஐயா?

பழைய லேப்டாப் விற்பவர்கள் எல்லாரும் ஒரே வாத்தியாரிடம் படித்தார்களோ என்னவோ. "சவுண்ட் வேலை செய்கிறது." அவ்வளவுதான் விவரம். விண்டோஸ் திறக்கும்போது ஒரு டிங் கேட்டுவிட்டால் சோதனை முடிந்தது. உள்ளே என்ன சிப் என்று கேட்டால், "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, எடுத்துக்குங்க" என்கிறார்கள். நல்லா இருக்கிறதா என்று யார் கேட்டது? என்ன இருக்கிறது என்றுதானே கேட்டேன்!

சிப்பை ஏன் கேட்கிறேன் என்றால், மிடி இசைக்காகத்தான். மிடி என்ற இசைக் கோப்பில் ஒலியே கிடையாது. எந்த வாத்தியம், எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டும்தான். வாசிப்பது சிப். 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது விதி, 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்தது. 105 என்றால் சிதார். சரி, அந்தச் சிதார் எப்படிக் கேட்கும்? அது சிப் விட்ட வழி. யமஹா ஓபிஎல்3 மாதிரி எஃப்எம் சிப் (ரேடியோ இல்லை, ஒலியலைகளைக் கொண்டு செயற்கையாக ஒலி உண்டாக்கும் முறை) என்றால் தகர டப்பாவில் அடைத்த தேனீ. இஎஸ்எஸ் கம்பெனி சிப் தன் சொந்த எஃப்எம்மில் வேறொரு சிதாரை வாசிக்கும், கிரிஸ்டல் கம்பெனி சிப் இன்னொன்றை. நிஜ வாத்தியத்தின் பதிவை வைத்து வாசிக்கும் வேவ்டேபிள் சிப் கிடைத்தால் யோகம். ஆனால் அத்தனை பெட்டிகளின் விவரத் தாளிலும் அதே வரிதான்: மிடி வசதி உண்டு, அந்தக் காலத்துப் பிரபல சவுண்ட் கார்டான சவுண்ட் பிளாஸ்டருக்கு இணக்கமானது.

மேசைக் கணினி என்றால் பிடிக்காத கார்டைப் பிடுங்கி எறியலாம். லேப்டாப்பில் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். வாங்கியது வாங்கியதுதான். வெளியே ரோலண்ட் எஸ்சி-55 மாதிரி மிடி வாசிக்கும் ஒரு பெட்டியை மாட்டலாம் என்றால், அதற்கு வேண்டிய கேம் போர்ட்டே (ஜாய்ஸ்டிக் மாட்டும் துளை, மிடிக்கும் அதுதான்) பெரும்பாலான லேப்டாப்களில் இல்லை. சீரியல் போர்ட்டில் மாட்டும் பெட்டிகளும் உண்டுதான். ஆனால் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் விளையாட்டு, 330 என்ற முகவரியில் எம்பியு-401 என்ற மிடி இணைப்பைத் தேடுமே தவிர, சீரியல் பக்கம் தானாகத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்புறம் லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் செருகும் பிசிஎம்சிஐஏ கார்டு. ரோலண்ட் எஸ்சிபி-55 என்று, எஸ்சி-55 பெட்டியின் குடும்பமான சவுண்ட் கேன்வாஸையே கார்டுக்குள் வைத்துக் கொடுத்தார்கள், அருமையான சாமான். ஆனால் இந்த வகைக் கார்டின் தடிமன் 5 மி.மீ. அதில் ஐந்து பின் மிடி சாக்கெட் எங்கே நுழையும்? ஆகவே ஓரத்தில் ஒரு மெல்லிய கனெக்டர், அதற்கென்றே ஒரு தனிக் கேபிள். அந்தக் கேபிள்தான் முதலில் தொலையும். "கேபிள் இல்லை, கார்டு பக்கா கண்டிஷன்" என்று கூசாமல் எழுதுகிறார்கள். பாட்டு எதன் வழியாக வெளியே வருமாம்?

ஏசி'97 என்ற ஒலித் தரம் வந்த பிறகு வந்த லேப்டாப்கள் இன்னும் மோசம். பெரும்பாலானவற்றில் மிடி வாசிக்கத் தனி சிப்பே இல்லை. விண்டோஸின் மென்பொருள் வாசிக்கும், இசைக் கீபோர்டை மாட்டினால் அமுக்கிய சுரம் தாமதமாக வந்து சேரும். டாஸுக்குப் போனால் பெரும்பாலும் மௌனம்தான். அதற்கும் அதே வரி: சவுண்ட் வேலை செய்கிறது!

மூடியில் இருக்கும் கீறலை நாலு கோணத்தில் படமெடுத்துப் போடத் தெரிகிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட் என்ற வரியை விரித்து ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டால் கை தேய்ந்துவிடுமா?