தலையைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க

போன ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டம். பாதி மைதானம் மூடுபனிக்குள். அக்கா மகன் இடதுகை பிட்சர், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிபவன். முதல் பேஸ் ரன்னர் பத்தடி தள்ளி நின்று, அடுத்த பேஸைத் திருட, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அங்கே ஓடிவிடத் துடித்துக்கொண்டிருந்தான். நம்ம பையன் வலது காலைத் தூக்கினான், பேட்ஸ்மேனுக்குப் பின்னால் இருக்கும் கேட்ச்சரைப் பார்த்தான், பேஸை விட்டு விலகி நின்றவனை மடக்கப் பந்தை முதல் பேஸுக்கு எறிந்தான். அவுட் என்று நாங்கள் கத்துவதற்குள் அம்பயர் "பால்க்" என்றுவிட்டார்; ரன்னரை ஏமாற்ற பிட்சர் விதி மீறி அசைந்தான் என்று அர்த்தம். "அங்க பார்த்துட்டு இங்க எறியலாமா? ஏமாத்து வேலை" என்றார். ரன்னருக்கு இரண்டாவது பேஸ் இனாம்.

சார், ஏமாற்றத்தானே அந்த எறிதலே! கண் எங்கே போனது என்பதல்ல, கால் எங்கே போனது என்பதுதான் கேள்வி. பிட்சர் மிதித்து நிற்கும் ரப்பர் 24 அங்குல நீளம், 6 அங்குல அகலம். அதை மிதித்தபடி முதல் பேஸுக்கு எறிவதானால், தூக்கிய கால் அந்தப் பேஸை நோக்கி நேராக இறங்க வேண்டும். அந்தக் கால் ரப்பரின் பின் விளிம்பைத் தாண்டிவிட்டதா, முதல் பேஸை மறந்துவிட வேண்டியதுதான்; பேட்ஸ்மேனுக்குப் போடலாம், அல்லது இரண்டாவது பேஸுக்கு எறியலாம். பேட்ஸ்மேன் நிற்கும் ஹோமுக்கும் முதல் பேஸுக்கும் நடுவே 45 டிகிரியில் ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொண்டுதான் அம்பயர்கள் காலடியைப் பார்ப்பார்கள். இவர் காலடியைப் பார்க்கவே இல்லை.

நம்ம பையன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. மூன்றாவது இன்னிங்ஸில் ரப்பரை மிதித்தபடியே முதல் பேஸுக்குக் கை ஓங்கிவிட்டு எறியாமல் நின்றான். அசல் பால்க் அதுதான். யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. இரண்டாவது பேஸுக்கு அப்படிப் பாவனை காட்டலாம். மூன்றாவதுக்கும் ஒரு காலத்தில் காட்டலாம். அமெரிக்க மேஜர் லீக் 2013-இல் அதை நிறுத்திவிட்டது.

சந்தேகமாக இருந்தால் ஊன்றிய காலை ரப்பருக்குப் பின்னால் எடுத்து வைத்துவிடு என்று அவனிடம் தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன். அப்புறம் அவன் பிட்சர் இல்லை, சாதாரண ஃபீல்டர். கையை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓங்கலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. ரப்பரில் நின்று எறிந்த பந்து எல்லை தாண்டித் தேயிலைச் செடிக்குள் போனால் ரன்னருக்கு ஒரு பேஸ்; இறங்கி எறிந்து போனால் இரண்டு.

இங்கே பலரும் சாஃப்ட்பாலிலிருந்து வந்தவர்கள். அதில் பந்து பிட்சர் கையை விடும்வரை ரன்னர் பேஸை விட்டு அசையக் கூடாது; அதனால் இப்படி எறிந்து மடக்கும் வேலையே அங்கே இல்லை. குழப்பத்துக்கு வேர் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆட்டம் கோத்தகிரியில். அம்பயர் சம்மதித்தால் கோலமாவில் அந்த 45 டிகிரி கோட்டை நானே போட்டுத் தருகிறேன்.