‘துல்லியக் குண்டில் பொதுமக்கள் சாவதில்லை’: பரவும் செய்தி தவறு

பெங்களூரு அல்சூர் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. “1991 வளைகுடாப் போரிலிருந்தே எல்லாம் துல்லியக் குண்டுகள்தான். ராணுவ இலக்கை மட்டும் அடிக்கும். பொதுமக்கள் சாவு என்பது வெறும் பிரசாரம்” என்கிறது அதன் வாசகம்.

முதலில், அந்தப் போரில் அமெரிக்கக் கூட்டணி ஈராக்குக்கு எதிராக வீசிய குண்டுகளில், இலக்கை நோக்கித் திருப்பும் வழிகாட்டிக் கருவி பொருத்தியவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிவியில் திரும்பத் திரும்பக் காட்டியது அந்தக் கொஞ்சத்தைத்தான்.

சரி, வழிகாட்டி உள்ள குண்டாவது? 1991 பிப்ரவரி 13, விடியும் முன், ஈராக் தலைநகர் பாக்தாத்தின் அமிரியா பதுங்கிடம். லேசர் ஒளி காட்டும் இடத்தை நோக்கிப் போகும் குண்டுகள் இரண்டு. முதல் குண்டு கான்கிரீட் கூரையைத் துளைத்தது. இரண்டாவது அந்த ஓட்டை வழியே உள்ளே போய் வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்த 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அது ராணுவக் கட்டளை மையம் என்றது அமெரிக்கா. இங்கே குறி தப்பவே இல்லை, கவனியுங்கள். உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று லேசருக்குத் தெரியாது.

அப்புறம், கணக்கிலேயே வராத சாவுகள். குண்டுவீச்சில் மின் நிலையங்கள் தகர்ந்ததும் குடிநீர் பம்புகள் நின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் நின்றது. சாக்கடை அப்படியே டைக்ரிஸ் ஆற்றில் இறங்கியது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு. சுமார் 100 கி.மீ. தள்ளியிருந்து காவிரியைப் பம்ப் செய்து குடிக்கும் பெங்களூருக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இப்படிப் போர் முடிந்த பிறகு இறந்த குழந்தைகளைப் பெரும்பாலும் குண்டுவீச்சில் இறந்தவர்களாக எண்ணுவதில்லை.