ஜூரிக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி

இங்கிலாந்தில் இப்போது ஜூரி சண்டை. ஜூரி என்றால், குற்றமா இல்லையா என்று சொல்லக் கோர்ட்டில் உட்காரும் பன்னிரண்டு சாதாரண ஆட்கள். நீதித்துறை அமைச்சர் டேவிட் லாமி 2025 டிசம்பரில் ஒரு திட்டம் அறிவித்தார். மூன்று ஆண்டுக்கு மேல் சிறை கிடைக்க வாய்ப்பில்லாத வழக்குகள் பலவற்றை ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரிக்கலாம் என்கிறது அது. பெரிய குற்ற வழக்குகள் போகும் கிரவுன் கோர்ட்டில் ஏறக்குறைய 80,000 வழக்குகள் தேங்கிக் கிடப்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். இதே லாமி, 2020இல் எதிர்க்கட்சியில் இருந்தபோது, ஜூரி இல்லாத விசாரணை கூடாது என்று எழுதியவர். சரி, நாற்காலி மாறினால் நாக்கும் மாறும்.

நானும் ஜூரி பக்கம்தான். 1670இல் லண்டனில் தெருவில் பிரசங்கம் செய்ததற்காக வில்லியம் பென் என்பவரைக் கூண்டில் ஏற்றினார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் அவர். குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரியை இரண்டு ராத்திரி சோறு தண்ணி இல்லாமல் பூட்டி வைத்தார்கள். அப்போதும் மசியவில்லை. அபராதம் போட்டார்கள், எட்வர்ட் புஷல் என்பவரும் இன்னும் சிலரும் அதைக் கட்ட மாட்டோம் என்று ஜெயிலுக்கே போனார்கள். கடைசியில் தலைமை நீதிபதி வாகன், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று முடிவு கட்டினார். அந்தப் பன்னிரண்டு பேருக்கு லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் கல்வெட்டு இருக்கிறது. ஜூரி என்றாலே எல்லாரும் தர்மவான்கள் என்று சொல்ல வரவில்லை. 1994இல் ஒரு கொலை வழக்கில் சில ஜூரர்கள் ஓட்டலில் ஆவியைக் கூப்பிட்டு 'யார் கொன்றது' என்று கேட்டார்கள். அந்தத் தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணை நடந்தது!

ஆனால் ஜூரி முன்னால் போவது மிகச் சில வழக்குகள்தான். இங்கிலாந்து, வேல்ஸில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட கிரிமினல் வழக்குகள் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே தொடங்கி அங்கேயே முடிகின்றன. அங்கே பெரும்பாலும் உட்காருகிறவர்கள் சம்பளம் வாங்காத, சட்டம் படிக்காத சாதாரண ஆட்கள். ஆசிரியர், கடைக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ் என்று யாரும் இருக்கலாம். (பெரியார் ஈரோட்டில் வகித்து உதறிய பதவிகளில் ஒன்று ஆனரரி மாஜிஸ்திரேட். அதற்கு மூலம் இந்த ஏற்பாடுதான்.) வழக்கமாக மூன்று பேர் உட்காருவார்கள், சட்டம் சொல்ல ஓர் ஆலோசகர் பக்கத்தில் இருப்பார். ஜூரிக்கு இல்லாத ஒரு வேலையும் இவர்களுக்கு உண்டு: தண்டனையையும் இவர்களே போடவேண்டும். கிரவுன் கோர்ட்டில் ஜூரி குற்றமா இல்லையா என்று சொல்வதோடு சரி, எத்தனை வருஷம் என்பது நீதிபதி பாடு. மாஜிஸ்திரேட்டுகள் 2024 நவம்பரிலிருந்து சில வகைக் குற்றங்களுக்கு ஓராண்டு வரை சிறைக்கு அனுப்பலாம். மனம்போன போக்கில் அல்ல, எதற்கு எவ்வளவு தண்டனை என்று வகுத்துச் சொல்லும் தண்டனைக் கவுன்சிலின் வழிகாட்டுதலை வைத்துக்கொண்டு. முதல் வாய்ப்பிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு குறையும். விசாரணை நாளன்று ஒப்புக்கொண்டால் பத்தில் ஒரு பங்குதான். குற்றமே செய்யாதவனையும் கணக்குப் போடவைக்கும் ஏற்பாடு இது என்பது என் எண்ணம்.

இந்த மூன்று பேர் பெஞ்சும் 2015இலிருந்து கரைகிறது. அந்த ஆண்டு வந்த முறைப்படி, சிறைத்தண்டனை இல்லாத சிறு குற்றங்களை ஒரே ஒரு மாஜிஸ்திரேட், ஒரு சட்ட ஆலோசகரை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடலாம். டிவி பார்ப்பதற்கான லைசென்ஸ் பணம் கட்டாதது, வேகமாக வண்டி ஓட்டியது மாதிரி வழக்குகள். வீட்டுக்குத் தபால் வரும், பதில் சொல்ல 21 நாள். பதில் இல்லையென்றால் ஆள் இல்லாமலே தீர்ப்பு. ஞாபகமறதி நோயில் இருக்கும் முதியவர்கள்கூட இப்படிக் குற்றவாளி ஆகியிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் கட்டவில்லை என்று மகள் எழுதிப் போடும் கடிதத்தை வழக்குப் போட்ட தரப்பு கண்ணால் பார்க்காமலே போகலாம்.

ரயில் கம்பெனிகள் செய்தது இன்னும் மோசம். 1889ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் கீழ் டிக்கெட் வழக்குகளை இந்த முறையில் நடத்த அவர்களுக்கு அதிகாரமே கிடையாது. வருஷக்கணக்கில் நடத்தினார்கள். 2024 ஆகஸ்டில் தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் அவற்றைச் செல்லாது என்று அறிவித்தபோது, பாதிக்கப்பட்ட வழக்குகள் ஏறக்குறைய 74,000 என்று மதிப்பிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மாஜிஸ்திரேட்டின் கை பட்டிருக்கும். இத்தனை பேரில் 'இது சட்டப்படி இந்த மேசைக்கு வரலாமா?' என்று கேட்டு அதை நிறுத்த ஆள் இல்லாமல் போயிற்று. தனியாக உட்காருகிறவருக்கு யாரோடும் வாதாட வேண்டியதில்லை, யாரும் பார்ப்பதுமில்லை.

சட்டம் படிக்காதவரை நீதி சொல்ல உட்காரவைப்பதன் பலன், கூடிப் பேசுவதிலும் எதிரில் நிற்கும் மனிதனின் முகத்தைப் பார்ப்பதிலும் இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் ரப்பர் ஸ்டாம்ப்தான் மிஞ்சும். ஜூரிக்காக இப்போது கொதிக்கிறவர்களில் எத்தனை பேர் இதற்காக வாய் திறந்தார்கள்? வழக்குப் போடுகிறவர்கள் அந்த மகள் எழுதுவது மாதிரியான கடிதங்களை முதலில் படிக்கட்டும் என்று 2024இல் மாஜிஸ்திரேட்டுகள் சங்கமே கேட்டது. அதைக்கூட இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.