ஸ்கிம்மரைக் கோப்பையை வைத்து எடைபோடாதீர்கள்

பவளத் தொட்டி தொடங்கப் போகும் ஒரு தம்பி சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "அண்ணா, புரோட்டீன் ஸ்கிம்மர் இல்லாமல் முடியுமா?" கடல்நீர்த் தொட்டியின் கழிவைக் காற்றுக் குமிழி நுரையோடு வெளியேற்றும் கருவி அது. என்னிடம் வருவதற்கு முன்பே பலரிடம் விசாரித்திருந்தார். பாதிப் பேர் அது இல்லாமல் தொட்டியில் தண்ணீரே நிரப்பாதே என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். மீதிப் பேர், கடலில் யார் ஸ்கிம்மர் மாட்டி வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். நடுவில் நின்ற அந்தத் தம்பி, இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம் என்று கைவிடும் நிலைக்கு வந்திருந்தார். அதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

என் பதில்: முடியும். 60 லிட்டர் தொட்டி ஒன்றை நான்கு ஆண்டுகளாக ஸ்கிம்மர் இல்லாமல் வைத்திருக்கிறேன். சூவாந்திட், காளான் பவளம், தோல் பவளம் எல்லாம் நன்றாகவே பரவியிருக்கின்றன. ஆனால் 350 லிட்டர் தொட்டியிலிருந்து ஒருமுறை ஸ்கிம்மரைக் கழற்றிவிட்டு, ஏழாவது மாதம் திரும்ப மாட்டினேன். மாட்டியதற்குக் காரணம் நைட்ரேட் அல்ல. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

காற்று பலமாக வீசும் நாளில் கரையில் அலை ஒதுக்கும் மஞ்சள் நிற நுரையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கிம்மர் செய்வதும் அதைத்தான். கரிம மூலக்கூறுகளில் பலவற்றுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை வெறுக்கும். அப்படிப்பட்டவை காற்றுக் குமிழியின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. குமிழிகள் மேலே ஏறி, கருவியின் கழுத்தில் நுரையாகக் கெட்டிப்பட்டு, அதன் மேலுள்ள கோப்பையில் வழிகின்றன. உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் சேர்ந்துகொள்வதில்லை, பொடிப்பொடியாகவே நிற்கின்றன. அதனால்தான் இந்தக் கருவி கடல்நீரில் எடுபடுகிறது, நன்னீர்த் தொட்டியில் பெரும்பாலும் எடுபடுவதில்லை.

இதன் உண்மையான அருமை, கழிவு அழுகுவதற்கு முன்பே வெளியேறிவிடுவது. உயிர்ப்பாறையில், அதாவது நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறையில், வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆனால் நைட்ரேட் பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயேதான் கிடக்கும். ஸ்கிம்மரோ பொருளையே வெளியே எடுத்துப் போட்டுவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே கரைந்துவிட்ட நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது நேரடியாகத் தொடுவதில்லை. "நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் ஆகிவிட்டது, பெரிய ஸ்கிம்மர் வாங்கட்டுமா?" என்று கேட்பவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இப்போதைக்குத் தண்ணீரை மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள்.

கோப்பையில் சேரும் கறுத்த, நாற்றமடிக்கும் நீரைப் பார்த்ததும் நமக்கு ஒரு நிறைவு வருகிறது. இவ்வளவு அழுக்கும் என் பவளங்களைக் கொன்றிருக்குமே என்று தோன்றுகிறது. அந்த நிறைவை நான் நம்புவதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009, 2010 ஆண்டுகளில் ஸ்கிம்மர்களை முறையாக அளந்து பார்த்தார். நீரில் கரைந்திருந்த கரிமக் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 35 சதவீதத்தைத்தான் அவற்றால் எடுக்க முடிந்தது. மீதி, எத்தனை மணி நேரம் ஓடினாலும் நீரிலேயே தங்கியது. அவர் சோதித்த ஸ்கிம்மர் வகைகளுக்கு இடையே பெரிய வித்தியாசமும் இல்லை. கோப்பையில் சேர்ந்த திடப்பொருளை ஆராய்ந்தபோது, நுண்ணுயிர் ஓடுகளிலிருந்து வரும் சிலிக்காவும் கால்சியம் கார்பனேட்டும் அதில் கணிசமாக இருந்தன. நாம் அழுக்கு என்று நினைத்ததில் ஒரு பங்கு, பவளங்களுக்கு இரையாகியிருக்கக்கூடிய நுண்ணுயிர்கள்தான்.

அப்படியானால் ஸ்கிம்மர் வீணா? அங்கேதான் என் ஏழாவது மாதக் கதை வருகிறது.

பெரிய தொட்டியில் ஸ்கிம்மரைக் கழற்றிய பிறகு, சம்ப்பில், அதாவது தொட்டியோடு இணைத்த துணைத் தொட்டியில், கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்தேன். ஆறு மாதம் நைட்ரேட் 5-லிருந்து 8-க்குள்தான் நின்றது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று முழுமையாக நம்பினேன். ஏழாவது மாதம் அது 12-ஐத் தொட்டது. பாக்டீரியாவை வளர்த்து நைட்ரேட்டை இறக்கலாம் என்று வினிகர் சேர்க்கத் தொடங்கினேன், மூன்றாம் நாள் அளவை இரட்டிப்பாக்கினேன். அன்று மாலை நீர் லேசாகப் பால் கலந்தது போல் மங்கியது. பாக்டீரியா வேலை செய்கிறது என்று மகிழ்ந்து படுத்துவிட்டேன். விடியற்காலை விளக்கைப் போடும்போது மீன்கள் அனைத்தும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஐந்து ஆண்டுகள் என்னிடம் வளர்ந்த ஆந்தியாஸ் மீன் ஜோடி பாறையடியில் கிடந்தது. அப்போதும் நைட்ரேட்டை அளந்தேன்: 9. நான் அஞ்சிய எண் நன்றாகவே இறங்கியிருந்தது. நான் அளக்காத ஒன்று மீன்களைக் கொன்றிருந்தது.

25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்கும். கடல்நீரால் 6.8-க்கு மேல் முடியாது. தொடக்கத்திலேயே கையிருப்பு குறைவு. விளக்கு அணைந்ததும் பவளத்துக்குள் வாழும் பாசி, சம்ப்பில் உள்ள பாசி, பாறையின் பாக்டீரியா, மீன்கள் என எல்லா உயிர்களும் ஆக்சிஜனைச் செலவழிக்கத்தான் செய்கின்றன, எதுவும் உண்டாக்குவதில்லை. அந்த இரவில் வினிகரைத் தின்று பெருகிய பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் ஸ்கிம்மர் இரவு முழுவதும் காற்றையும் நீரையும் பொடிக் குமிழிகளாகக் கடைந்து அந்தக் கையிருப்பை நிரப்பிக்கொண்டிருந்தது. பெருகும் பாக்டீரியாவில் ஒரு பகுதியை நுரையோடு வெளியே தள்ளியிருக்கும். அதை நான் அழுக்கெடுக்கும் இயந்திரம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். கழற்றியபோது தொட்டியின் நுரையீரலையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன்.

ஆகவே, ஸ்கிம்மர் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அது செய்யும் இரண்டு வேலைகளையும் யாரிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள்? கழிவை எடுக்கும் வேலைக்குப் பாசி இருக்கிறது, வாரந்தோறும் தண்ணீர் மாற்றுவது இருக்கிறது. மூச்சுக்கு யார்? என் சிறிய தொட்டியில் ஒரு பம்ப் எப்போதும் மேற்பரப்பை நோக்கிக் கலக்கிக்கொண்டே இருக்கும், மேலே கண்ணாடி மூடி கிடையாது. பாசி வளர்ப்பவர்கள் அதன் விளக்கைத் தொட்டி விளக்கு அணைந்த பிறகு எரியவிட வேண்டும். அப்போது இரவிலும் ஓரிடத்தில் ஆக்சிஜன் உற்பத்தியாகும், பி.எச். சரிவும் குறையும். நான் அன்று இரண்டு விளக்குகளையும் ஒரே நேரத்தில் அணைத்துக்கொண்டிருந்தேன்.

கடலில் ஸ்கிம்மர் ஏது என்பவர்களுக்கு: கடலில் அலை இருக்கிறது. எல்லையற்ற நீரும் இருக்கிறது. நம் தொட்டியில் இரண்டும் இல்லை. அதே சமயம் இவர்கள் சொல்வதை வெறும் பேச்சு என்று தள்ளவும் முடியாது. 1961-லேயே இந்தோனேசியாவின் லீ சின் எங், உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழிகளும் மட்டும் வைத்துப் பவளங்களை வளர்த்த முறையை எழுதிவிட்டார். உயிர்ப்பாறையோடு வலுவான ஸ்கிம்மரைச் சேர்த்த பெர்லின் முறை பிறகுதான் பரவியது. இரண்டு வழியிலும் பவளம் வளர்ந்திருக்கிறது. லீயின் எளிய தொட்டியிலும் குமிழிகள் இருந்தன என்பதை மட்டும் கவனியுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. மீன் குறைவாக உள்ள தொட்டியில் தேவைக்கு மிஞ்சிய ஸ்கிம்மரை ஓட்டி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பவளங்கள் வெளிறுகின்றன. பிறகு பழுப்பு நூல்களாக டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர் படர்கிறது. அதை அழுக்கு என்று எண்ணி ஸ்கிம்மரை இன்னும் முடுக்குகிறார்கள். அங்கே தேவை எதிர்த் திசை: ஸ்கிம்மரைச் சில மணி நேரம் நிறுத்தி, தீனியைக் கூட்டுவது.

அக்ரோபோரா போன்ற கல் பவளங்களும் நிறைய மீன்களும் உள்ள பெரிய தொட்டி என்றால் நான் ஸ்கிம்மர் பக்கம்தான் நிற்பேன். வினிகர், வோட்கா என்று கார்பன் சேர்ப்பவருக்கு அது விருப்பம் அல்ல, கட்டாயம். வைத்திருப்பவர்கள் கழுத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். உள்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் நுரை ஏறுவது நின்றுவிடும். கோப்பையில் சேரும் நீரோடு உப்பும் போகிறது என்பதால் உப்பளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பியின் தொட்டி 80 லிட்டர். இரண்டு கோமாளி மீன்கள், சில மென்பவளங்கள், அவ்வளவுதான். ஸ்கிம்மர் வாங்க வேண்டாம் என்று சொன்னேன். வாரம் 10 லிட்டர் தண்ணீர் மாற்றச் சொன்னேன், பம்ப்பின் வாயை மேற்பரப்பு நெளியும் அளவுக்குத் திருப்பி வைக்கச் சொன்னேன், மேலே உள்ள மூடியை எடுத்துவிட்டு மீன் துள்ளி விழாதபடி வலை போடச் சொன்னேன். நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மேற்பரப்பைக் காணொளி எடுத்து அனுப்பியிருந்தார். நன்றாக நெளிந்துகொண்டிருந்தது.