மூலிகைக்குக் காது கிடையாதாம்

அந்த மேடை வீடியோவைப் பார்க்காதவர்கள் என் நட்புப் பட்டியலில் யாரும் இருக்க முடியாது. ரெண்டு நாளாக அதுதான் சுற்றுகிறது. காணி என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவரை வரவழைத்து, பொன்னாடை போர்த்தி, கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி அவர்களுடைய வைத்தியப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். அவர் முடித்ததும் மைக்கைப் பிடித்த அறிவியல் பேச்சாளர், "பாட்டு நல்லாத்தான் இருக்கு ஐயா, ஆனா மூலிகைக்குக் காது கிடையாதே" என்றார். அரங்கமே சிரித்தது. பெரியவரும் கூடச் சேர்ந்து சிரித்தாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாட்டு நோயைத் தீர்க்குமா என்பதல்ல என் சண்டை. செடியை உங்களுக்குக் காட்டிக்கொடுத்தது யார்? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

1987 டிசம்பர். அகத்தியமலையில் ஆய்வுக் குழு ஒன்று மூச்சு வாங்க ஏறுகிறது. வழிகாட்டிகளாகப் போன காணிகள் மட்டும் ஏதோ காட்டுப்பழத்தைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடக்கிறார்கள். என்ன பழம் என்று கேட்டதற்கு முதலில் வாயே திறக்கவில்லை, வெளியாருக்குச் சொல்லக்கூடாத விஷயம் அது. வற்புறுத்திக் கேட்ட பிறகு காட்டியதுதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்கா அதை ஆராய்ந்து, வேறு மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் போனது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், அதோடு விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு. அவர்களுக்கான அறக்கட்டளை பதிவானது 1997-ல், பணம் கைக்கு வந்தது 1999-ல்.

"பங்குதான் கொடுத்தார்களே, இன்னும் என்ன?" என்பீர்கள். கொடுத்தார்கள், உலகமே பாராட்டியது, நானும் மறுக்கவில்லை. ஆனால் அதே 1995-ல் காணிகளின் வைத்தியரும் பூசாரியுமான பிளாத்திகள் சிலர், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்காதீர்கள் என்று கேரள முதலமைச்சருக்கே எழுதினார்களே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? வழிகாட்டிகளிடம் கேட்டாயிற்று, பிளாத்தியிடம் கேட்கத் தோன்றவில்லை. பாட்டுப் பாடுகிறவர்தானே, அவருக்கு என்ன தெரியும்!

அமேசானிலும் இதே கதைதான். அயாவாஸ்கா என்று ஒரு கஷாயம். ஒரு செடியின் இலை, ஒரு கொடி, ரெண்டையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். இலையை மட்டும் குடித்தால் அதன் சரக்கைக் குடலில் இருக்கும் நொதி அழித்துவிடும். அந்த நொதியைத் தடுப்பது கொடி. இத்தனை ஆயிரம் செடிகளுக்கு நடுவே இந்த ஜோடியைப் பிடித்தவர்களிடம் ஆய்வுக்கூடம் இருந்ததா? 1986-ல் ஒரு அமெரிக்கர் அந்தக் கொடிக்குக் காப்புரிமை வாங்கினார். பழங்குடிகள் போராடி, 1999-ல் ரத்தானது. எதனால்? தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடித்து வந்ததாலா? இல்லை. சிகாகோ அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே அதன் காய்ந்த மாதிரி ஒட்டிவைத்த தாள் இருந்ததால். தாள் சாட்சி, மனிதன் சாட்சி இல்லை. 2001-ல் காப்புரிமையை அந்த அமெரிக்கருக்கே திருப்பியும் கொடுத்துவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு காணித் தாத்தாவோடு நடந்திருக்கிறேன். ஒரு செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து என்னவோ முணுமுணுத்தார். அடியிலிருந்த ரெண்டு இலையைக் கிள்ளி, கசக்கி என் மூக்கருகே நீட்டினார். பச்சை மிளகு போலக் காரமான வாசனை. "செடிக்குக் கேக்குமா தாத்தா?" என்றேன், இந்தப் பேச்சாளர் மாதிரியேதான். "அதுக்குக் கேக்குதோ இல்லியோ மக்களே, எனக்குக் கேக்கும்லா. சொல்லிட்டு எடுக்கியவன் ரெண்டு இலையோட நிப்பான்." ஆரோக்கியப்பச்சைக்கு விலை வந்ததும் காட்டில் அது அழிந்துவிடுமே என்று வனத்துறை பதறியது. தாத்தாவின் முணுமுணுப்பு எதற்கு என்று அவர்களைக் கேளுங்கள்.

"அப்போ மந்திரம் ஓதினால் சுகர் இறங்குமா?" என்று நக்கலடிக்க ஒரு கூட்டம் வரும். இறங்காது. நானே காலையில் பிரஷர் மாத்திரை போடுகிறவன்தான். சோதித்துப் பார்க்காமல் எந்த இலையையும் தின்னச் சொல்லவில்லை. நன்றாகச் சோதியுங்கள், நஞ்சா என்று பாருங்கள், அளவு சொல்லுங்கள். அது பெரிய வேலை, கும்பிடுகிறேன். ஆனால் சோதித்தவன் பெயருக்குப் பக்கத்தில் காட்டியவன் பெயரையும் போடுங்கள். இது ஒன்றுதான் கேட்கிறேன். யூடியூப் லேகியக்காரர்களுக்குத் துணை போகிறேன் என்பவர்களுக்கு இன்று பதில் சொல்லும் மனநிலை இல்லை.

பேச்சாளர் எனக்குத் தெரிந்தவர்தான். "ஒரு ஜோக்குக்கு இவ்வளவா?" என்று இன்பாக்ஸில் கேட்டார். அந்தப் பெரியவர் பெயர் என்ன என்று திருப்பிக் கேட்டேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. அழைப்பிதழைத் தேடி எடுத்தேன். பேராசிரியர், முனைவர் என்று எல்லாருக்கும் பட்டத்தோடு பெயர். கடைசி வரியில் 'மற்றும் பழங்குடியினர் பாடல்'. அட, அவர் என்ன சவுண்ட் சர்வீஸா?

ஆதாரம் கேட்டு வருகிறவர்கள் வரலாம், ஆண்டோடு மேலே எழுதியிருக்கிறேன். 'காட்டுவாசிக்கு என்ன தெரியும்' என்று வருகிறவர்களுக்குப் பதில் கிடையாது, நேராக பிளாக்.