தக்காளி வண்டியில் இறங்கியது நான்தான்

அந்தப் படத்தை இந்நேரம் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை இரவு எங்கள் சைக்கிள் குழுவில் போட்டது. ஞாயிறு மதியத்துக்குள் அடுக்குமாடிக் குழுவுக்கு வந்துவிட்டது. திங்கள் காலையில் ஓசூரில் இருக்கும் என் நாத்தனார், "இது நீங்கதானே அண்ணி?" என்று கேட்டு எனக்கே அனுப்பினாள். ஆமாம், நான்தான். மதனப்பள்ளி பேருந்து நிலையத்துக்கு வெளியே, காலி தக்காளி டிரேக்களுக்கு நடுவில், மழைக்கோட்டுக்குள் குறுகி உட்கார்ந்திருப்பது நான்தான். பக்கத்தில் படுத்துக் கிடப்பது என் சைக்கிள். 300 கி.மீ. சைக்கிள் ஓட்டம் ஒன்றை, ஆந்திராவின் ஹார்ஸ்லி ஹில்ஸ் மலை உச்சியில் பாதியில் நிறுத்திவிட்டு, காய்கறி வண்டியில் இறங்கி வந்தேன். "தக்காளி வண்டியில் வந்த வீராங்கனை" என்று மேலே எழுதியவர் யார் என்றும் எனக்குத் தெரியும். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன். சொல்ல வேண்டியது ஒன்றுதான். மலை மேல் நின்று "போதும்" என்று முடிவெடுப்பதும் நீண்டதூர சைக்கிள் ஓட்டத்தில் ஒரு வேலை. ஏறுவது மாதிரி, பஞ்சர் ஒட்டுவது மாதிரி, அதையும் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு அதை நான் சரியாகச் செய்தேன்.

நான் ஓட்டியது பி.ஆர்.எம். என்ற நீண்டதூர சைக்கிள் ஓட்டம். அது என்னவென்றே தெரியாமல் சிரித்தவர்கள் நிறைய பேர் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது பந்தயம் கிடையாது. முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது. 200 கி.மீ. என்றால் 13 மணி 30 நிமிடம், 300 என்றால் 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. அந்த நேரத்துக்குள் முடித்தால் போதும். வழியில் கன்ட்ரோல்கள் என்ற சோதனை இடங்கள் இருக்கும், அங்கே நேரத்தோடு போய் கார்டில் முத்திரை வாங்க வேண்டும். பின்னாலேயே வண்டி வராது. பஞ்சரானாலும், பசித்தாலும், மழையில் நனைந்தாலும் நம்மை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுத்தினால் வீடு வந்து சேருவதும் நம் பொறுப்புதான். பாரிசில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வைத்த விதி இது. நவம்பரில் தொடங்கி அடுத்த அக்டோபர் வரைக்கும் ஓர் ஆண்டுக் கணக்கு. அதற்குள் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டோனர் என்பார்கள்.

இந்த ஆண்டு நான் 200 முடித்தேன். 400 முடித்தேன். ஜூலையில் 600 முடித்தேன். இந்த 300 மட்டும்தான் பாக்கி. அக்டோபர் முடிவதற்குள் வேறு 300 கிடையாது. இதைத் தெரிந்துகொண்டுதான் அந்தப் படத்தின் கீழே சிரித்தீர்களா? தெரியாமல் சிரித்தவர்களை விட்டுவிடுகிறேன். எங்கள் குழுவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். அந்த வண்டியில் ஏறியபோது நான் எதை விட்டுவிட்டு ஏறினேன் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, என்ன நடந்தது? காலை 6 மணிக்குப் பெங்களூரிலிருந்து கிளம்பும்போதே தூறல். ஹொசகோட்டே தாண்டி சிந்தாமணி போகும்வரை விட்டு விட்டுப் பெய்தது. ஆந்திரா எல்லைக்குள் போனதும் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் ராயலசீமைப் பக்கம் எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மதனப்பள்ளி தாண்டி ஹார்ஸ்லி ஹில்ஸ் ஏற ஆரம்பித்தபோது மழை நிற்கவே இல்லை. ஏறும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பு சூடாக இருந்தது, கால் நன்றாக ஒத்துழைத்தது. உச்சியில் 150ஆவது கி.மீ. கன்ட்ரோல். அது 4 மணிக்கு மூடும். நான் 3.25க்கு முத்திரை வாங்கிவிட்டேன். கையில் 35 நிமிடம் மீதி இருந்தது. நேரம் போதாமல் நிறுத்தியவள் இல்லை நான்.

டீக்கடை ஓரமாகப் பத்து நிமிடம் நின்றேன். அவ்வளவுதான், உடம்பு நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். வலது கை விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. என் சைக்கிள் பழையது, ரிம் பிரேக், அதாவது சக்கரத்தின் விளிம்பைக் கட்டை அழுத்திப் பிடிக்கும் வகை. மழையில் ரிம் மேல் தண்ணீர் படிந்திருக்கும். கட்டை அந்தத் தண்ணீரை வழித்துத் தள்ளிய பிறகுதான் பிடிக்கும். அதற்குள் சக்கரம் சில சுற்றுச் சுற்றிவிடும். கீழே இறங்கும்போது பெடல் மிதிக்கும் வேலையும் இல்லை. நனைந்த உடம்பில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், இருக்கிற சூடும் போய்விடும். விரல் இன்னும் மரத்துப்போகும். முதல் வளைவில் கொஞ்சம் பிடிக்கும். ஐந்தாவது வளைவில்? இதைத்தான் நான் அங்கே நின்று யோசித்தேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது முறையும் மடங்காதபோது ஏற்பாட்டாளருக்கு போன் செய்து, நான் நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மேலே இருக்கும் ஓட்டல்களுக்குக் காய்கறி இறக்கிவிட்டு, காலி டிரேக்களோடு திரும்பிக்கொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். எனக்குத் தெலுங்கு அரைகுறை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. "எக்கண்டி அக்கா", ஏறுங்க அக்கா என்றார். முன்னால் அவருடைய அம்மாவும் பையனும் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் நான் பின்னால் ஏறினேன். மேலே போர்த்திக்கொள்ளத் தார்ப்பாய் கொடுத்தார். மதனப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் சைக்கிளை இறக்க அவர் பின்பக்கம் வந்தபோதுதான் அந்தப் படம் எடுக்கப்பட்டது.

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. படம் எடுத்தவர் எங்களோடு ஓட்டியவர். எனக்கு முன்னால் மலை ஏறி இறங்கி, அங்கே டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். என்னைப் பார்த்திருக்கிறார். போனை எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டு அப்படியே கிளம்பியிருக்கிறார். இருபது அடி தூரம். "என்னாச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்போது நீங்கள் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். "மழை வரும் என்று முன்னாடியே சொன்னார்களே, எதற்குப் போனீர்கள்?" வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். மழை பெய்யும் என்று இருந்தது, வெளியே வரவேண்டாம் என்று இல்லை. மழையைப் பார்த்தாலே வீட்டில் இருப்பதென்றால் பெங்களூரில் மே மாதத்திலிருந்து நவம்பர் வரைக்கும் சைக்கிளைத் தொடவே முடியாது. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்று 1,200 கி.மீ. ஓட்டம் ஒன்று உண்டு, 1891இல் ஆரம்பித்தது, 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 2007இல் நடந்தபோது விடாத மழை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். கிளம்பியதும் தப்பில்லை, நிறுத்தியதும் தப்பில்லை. இரண்டையும் அவரவர் முடிவெடுத்தார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

"மற்றவர்கள் முடித்தார்களே?" முடித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் விரல் மடங்கியிருக்கிறது, என் விரல் மடங்கவில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

"47 வயதில், குடும்பத்தை விட்டுவிட்டு" என்று அடுக்குமாடிக் குழுவில் எழுதிய பெரியவருக்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கும் நான் எங்கே போனேன், எப்போது வருவேன் என்று தெரியும்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். லைன் வீட்டிலிருந்து ஷிஃப்டுக்குச் சைக்கிளில்தான் போவார். கனமான பழைய சைக்கிள், டைனமோ விளக்கு. ராத்திரி ஷிஃப்டுக்கு மழையில் கிளம்பும்போது அம்மா ஒரு உரச்சாக்கைப் பிரித்துத் தலையில் மாட்டிவிடுவார். காற்று அடிக்கும் நாளில், தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய கழிவு மண்ணைக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் தூசி கண்ணைத் திறக்கவிடாது. அதிலும் போவார். எங்கள் லைனில் இருந்த எல்லா ஆண்களும் அப்படித்தான் போனார்கள், யாரும் யாரையும் வீரன் என்று சொன்னதில்லை, முட்டாள் என்றும் சொன்னதில்லை. ஒருநாள் அப்பா பாதியிலிருந்து நடந்து திரும்பி வந்தார். ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, பள்ளம் எது ரோடு எது என்று தெரியவில்லை என்றார். அன்றைய கூலி போயிற்று. அம்மா தலையைத் துவட்டிவிட்டு, "வந்தியே, போதும்" என்றார். அடுத்த நாள் ஷிஃப்டில் அப்பாவை ஒருவரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் வீட்டில் வந்து சொல்லியிருப்பார், எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். தினமும் பூமிக்குள் இறங்கி ஏறுகிறவர்களுக்கு, ஒருவன் ஏன் திரும்பி வந்தான் என்று விளக்க வேண்டிய அவசியம் இல்லை. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவும் இப்போது இல்லை. சனிக்கிழமை அந்தத் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த உரச்சாக்கு ஞாபகம்தான் வந்தது.

"ஒரு ஜோக்கை இவ்வளவு பெரிசாக எடுத்துக்கொள்ளலாமா?" இதுதான் அதிகம் பேர் கேட்டது. தனியாக போன் போட்டுக் கேட்டவர்களும் உண்டு. இதற்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நந்தி மலையில் தூறலில் இறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போன நண்பர் கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதினார். காலர் எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "மேலேயே கை மரத்துப்போச்சு. நான் மட்டும் தள்ளிட்டு நடந்தா கிண்டல் பண்ணுவாங்கன்னு ஓட்டிட்டேன்" என்றார். மலை என்ன செய்யும் என்று நந்திக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் ஒரே இரவு மழையில் சாலையே பெயர்ந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்த மலையில், நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயத்தில் ஒருவர் பிரேக் பிடிக்க முடியாத கையோடு இறங்கியிருக்கிறார். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. அதற்கு முந்தின மாதம் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்திருந்தோம். அன்று ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆகவே ஜோக் என்று சொல்லாதீர்கள். அது எங்கே போய் முடிகிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள். டிசம்பரில் முதல் 200 ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறாள். கே.ஆர்.புரத்திலிருந்து தினமும் விடியற்காலை வந்து எங்களோடு பயிற்சி எடுக்கிறவள். "முடிக்க முடியலைன்னா என் படத்தையும் போடுவாங்களா அக்கா?" என்று கேட்டிருந்தாள். நான் நாலு தடவை பதில் எழுதி அழித்தேன். போடமாட்டார்கள் என்று என்னால் எழுத முடியவில்லை. கடைசியில், கை மரத்துப்போனால் இறங்கிவிடு, எனக்கு போன் செய், எந்த ஊராக இருந்தாலும் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதினேன். அதை இங்கே எல்லோருக்குமே சொல்கிறேன். எங்கள் குழுவில் யாராக இருந்தாலும், அந்தப் படத்தை எடுத்தவர் உட்பட, மலை மேல் நின்றுகொண்டு கூப்பிட்டால் நான் வருவேன்.

நவம்பரில் புதுக் கணக்கு தொடங்குகிறது. 200இலிருந்து மறுபடி ஆரம்பிக்கப் போகிறேன். ஹார்ஸ்லி ஹில்ஸ் வழி வந்தால் அதற்கும் பெயர் கொடுப்பேன். மேலே போய் மறுபடி விரல் மடங்கவில்லை என்றால் மறுபடி நிறுத்துவேன்.

அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள். என்னை அந்தப் படத்திலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் சைக்கிளை இறக்க வந்து நிற்கிறாரே, அந்த வண்டிக்காரர், அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. பணம் கொடுத்தபோது வாங்க மறுத்தவர் அவர். அவர் முகத்தை மட்டும் தயவுசெய்து மறைத்துவிடுங்கள்.